புதுப்பிப்பு: ராஸ்பெரி பையில் நிற்காமல் சுற்றிய கெட்ஆப்ட் லூப் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: லேப்டாப்பில் ஒழுங்காக ஓடும் என் சி புரோகிராம், ஆர்ம் சிப் உள்ள ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் மட்டும் உதவிச் செய்தியை நிறுத்தாமல் அச்சடிக்கிறது என்று. கட்டளை வரியில் கொடுக்கும் ஆப்ஷன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் கெட்ஆப்ட் ஃபங்ஷனை அது ஒரு லூப்பில் அழைக்கிறது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"கெட்ஆப்ட் தரும் மதிப்பை எந்த வகை வேரியபிளில் வாங்குகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டாரே, அதேதான். ஒரே ஒரு எழுத்தை வைக்கும் 'சார்' வகை என்று போட்டிருந்தேன். (இந்தச் சாரை நம்பியது என் தப்பு.) லேப்டாப்பின் எக்ஸ்86 லினக்ஸில் அது சைன்ட் (மைனஸ் எண்ணையும் வைக்கலாம்), பையின் ஆர்ம் லினக்ஸில் அன்சைன்ட் (மைனஸ் எண்ணை வைக்க முடியாது). ஆப்ஷன்கள் தீர்ந்ததும் வரும் -1 அங்கே 255 ஆகிவிடுகிறது. -1 வந்தால்தான் நிற்கும் லூப் அப்புறம் எப்படி நிற்கும்? முழு எண் வகையான 'இன்ட்' என்று மாற்றினேன், சரியாகிவிட்டது. கெட்ஆப்டுக்கு ஆப்ஷன்களைப் பட்டியலிட்டுத் தரும் ஆப்ஷன் ஸ்டிரிங்கில் கோலன் (மதிப்பு தேவைப்படும் ஆப்ஷனுக்குப் பின் போடும் குறி) விட்டுப்போயிருக்கும் என்ற யோசனையையும் பார்த்தேன். அதில் குறை இல்லை.

எதிர்பாராதது: ஜிசிசி கம்பைலரில் எச்சரிக்கைகளைக் கேட்கும் -டபிள்யூஆல் மட்டும் போட்டால் மூச்சு விடவில்லை. -டபிள்யூஎக்ஸ்ட்ரா சேர்த்ததும் பையிலேயே எச்சரித்தது. லேப்டாப்பில் சாரை அன்சைன்ட் ஆக்கும் -எஃப்அன்சைன்ட்-சார் கொடுத்தால் அதே பிழை அங்கேயும் வருகிறது, சோதிக்க வசதி.

ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னரில் ஓட்டியபோது இன்னொன்று மாட்டியது. ஃபைல் பெயருக்குப் பின்னால் வரும் ஆப்ஷன்களை அதிலுள்ள மசல் என்ற சி நூலகத்தின் கெட்ஆப்ட் கண்டுகொள்வதில்லை; பெரும்பாலான லினக்ஸ்களில் உள்ள ஜிலிப்சி நூலகம் வரிசையை மாற்றி எடுத்துக்கொள்கிறது. ஆப்ஷன்களை முன்னால் கொடுத்துச் சமாளித்துவிட்டேன்.