மறுமொழி: ரிஸ்க் காம்பென்சேஷன் – 'இடர் இழப்பீடு' சரிவருமா?

அன்புள்ள ஐயா,

> அகராதியில் காம்பென்சேஷனுக்கு இழப்பீடு என்றுதான் இருக்கிறது. 'இடர் இழப்பீடு' என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. படிப்பவர் ஏதோ இன்சூரன்ஸ் பணம் வரப்போகிறது என்று நினைத்துக்கொள்வார். இங்கே யாரும் யாருக்கும் பணம் தருவதில்லை. தன் வண்டியில் பாதுகாப்பு வசதி இருக்கிறது என்று தெரிந்ததும், அந்தப் பாதுகாப்பில் கொஞ்சத்தை ஓட்டுநர் வேகத்துக்கும் நெருக்கத்துக்கும் செலவழித்துவிடுகிறார். இதைத்தான் ஆங்கிலத்தில் ரிஸ்க் காம்பென்சேஷன் என்கிறார்கள். கட்டுரைக்காக இதற்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

என் கதையையே சொல்கிறேன். பழைய வண்டியில், மழை நாளென்றால் முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட் மங்கலாகத் தெரிகிற தூரத்தில்தான் போவேன். ஏபிஎஸ் என்னும் பிரேக் வசதி உள்ள வண்டிக்கு மாறிய சில மாதங்களில், பிளேட்டின் அடியில் ஸ்டிக்கர் கடைக்காரர் பொடி எழுத்தில் போட்டிருந்த பெயரைக்கூடப் படித்துக்கொண்டு போகிறேன்! நெருங்கிப் போகலாம் என்று முடிவெடுத்த நினைவே இல்லை. ஒருநாள் பிரேக்கை ஓங்கி மிதித்தபோது பெடல் காலடியில் கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். ஏபிஎஸ் வேலை செய்வதன் அறிகுறியே அந்த அதிர்வுதான், காலை எடுக்கவே கூடாது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. சக்கரம் இறுகிப்போகாமல் பார்த்துக்கொண்டு, பிரேக் பிடித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்ப விடுவதுதான் அதன் முக்கிய வேலை. சரளைக் கல் பரப்பில் வண்டி நிற்கும் தூரம் கூடிப்போகவும் செய்யலாம். ஆக, ஏபிஎஸ் தருவதாகச் சொல்லாத ஒன்றை நம்பி நான் முன்வண்டியை ஒட்டிப் போயிருக்கிறேன். அரைகுறையாகத் தெரிந்துவைத்திருந்தது, தெரியாமலே இருந்ததைவிட மோசம்.

இது என் ஒருவனின் புத்தி மட்டுமல்ல. 1980களில் மியூனிக் நகர டாக்சிகளில் சிலவற்றில் ஏபிஎஸ் வைத்தும் சிலவற்றில் வைக்காமலும் பார்த்தார்கள். விபத்து எண்ணிக்கையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஏபிஎஸ் உள்ள வண்டிக்காரர்கள் வளைவுகளை இன்னும் வெட்டித் திருப்பியிருந்தார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'காப்புத் துணிவு' என்று ஒருவர் சொன்னது கேட்க அழகாக இருக்கிறது. எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் இந்த இயல்பு எதிர்த்திசையிலும் வேலை செய்கிறதே. 1967 செப்டம்பர் 3 அன்று ஸ்வீடன் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. நாடே மோதிக்கொள்ளும் என்று பயந்தார்கள். பயந்ததாலேயே எல்லோரும் பார்த்து ஓட்ட, விபத்து குறைந்தது. பழகியதும் பழைய நிலைக்கே திரும்பியது. ஆபத்து கூடியதாகத் தோன்றினால் அடங்குகிறோம், குறைந்ததாகத் தோன்றினால் அவிழ்கிறோம். 'துணிவு' இதில் பாதியைத்தான் சொல்கிறது.

'இடர்ச் சமன்' என்பதிலும் சிக்கல். சமன் என்றால் முழுக்க நேராகிவிட்டது என்று பொருள். அமெரிக்கப் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975இல் ஏறக்குறைய அப்படித்தான் வாதிட்டார்: பாதுகாப்பு வசதிகளால் காருக்குள் இருப்பவருக்குக் கிடைத்த நன்மையை நடந்து போகிறவர்களின் உயிரிழப்பு ஈடுகட்டிவிட்டது என்று. பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகவில்லை. சீட் பெல்ட் உயிர் காக்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம். நன்மையில் ஒரு பங்கு கரையலாம், அவ்வளவுதான். மனிதர் தாம் ஏற்கும் இடர் அளவுக்கே எப்போதும் திரும்பிவிடுவார் என்னும் உளவியலாளர் ஜெரால்ட் வைல்டின் ரிஸ்க் ஹோமியோஸ்டாசிஸ் கொள்கைக்கு 'இடர்ச் சமன்' பொருந்தும். அதற்கென்று ஒதுக்கி வைப்போம்.

என் பரிந்துரை: இடர்ச் சரிக்கட்டல். அளவு சொல்லாது, திசை சொல்லாது. வினையாகவும் ஓடும்: 'வேகத்தைக் கூட்டி இடரைச் சரிக்கட்டுகிறார்.'

இன்னொரு ஜோடிச் சொல்லும் தேவைப்படும். பிரேக், டயர் பிடிப்பு போன்றவற்றின் வித்தியாசம் ஓட்டும்போதே காலுக்கும் கைக்கும் தெரியும். கதவுக்குள் கிடக்கும் இரும்புச் சட்டமும், மோதலில் மடங்கிக்கொடுக்கும் ஸ்டீயரிங் தண்டும் அப்படியில்லை. இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாததைச் சரிக்கட்ட முடியாதே! முதல் வகையைத் 'தெரிகாப்பு', இரண்டாவதை 'மறைகாப்பு' எனலாமா?

---

> சரிக்கட்டுவது என்றால் எங்கள் அலுவலகத்தில் வேறு பொருள் :-) ஃபைல் நகரவில்லை என்றால் யாரையோ 'சரிக்கட்ட' வேண்டும்.

ஐயா, அதை நானும் யோசித்தேன். 'ஆளைச் சரிக்கட்டுவது' வேறு, 'கணக்கைச் சரிக்கட்டுவது' வேறு. இடர் இரண்டாவதோடுதான் சேரும். முன்னால் 'இடர்' நிற்கும்வரை குழப்பம் வராது. உண்மையில் அந்தக் கள்ளத்தனத்தின் சாயல் கொஞ்சம் ஒட்டியிருப்பதுகூட எனக்குப் பிடித்திருக்கிறது: தனக்கே தெரியாமல் ஓட்டுநர் செய்துகொள்ளும் உள்பேரம்தானே இது.

'மறைகாப்பு' நிற்கும் என்று நினைக்கிறேன். 'தெரிகாப்பு' எனக்கே இன்னும் நாக்கில் இடறுகிறது. காற்றுப்பையை வேறு எந்தப் பக்கம் போடுவது? ஓட்டும்போது அது உறைப்பதில்லை, ஆனால் ஸ்டீயரிங் நடுவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள். கட்டுரையை இந்த வாரம் அனுப்பியாக வேண்டும்.