மரபணு வெளிப்பாட்டில் நடப்பது 'கட்டுப்பாடு'தானா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> "மரபணு வெளிப்பாட்டுக் கட்டுப்பாடு" என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் பழகிவிட்டது.

'Gene regulation' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில் வந்த கருத்து இது. ஒரு மரபணுவில் உள்ள செய்தி படிக்கப்பட்டு அதன் புரதம் உருவாவதுதான் மரபணு வெளிப்பாடு; அது ஏறுவதையும் இறங்குவதையும் குறிக்க ஒரு சொல் வேண்டும். பழகிவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. சுண்டெலியின் கல்லீரலில் நடப்பதை வைத்துச் சொல்கிறேன்.

தொற்று ஏற்பட்டதும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்னும் சைட்டோகைனை, அதாவது உயிரணுக்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் புரதத்தை, சுரக்கின்றன. அது இரத்தத்தோடு வந்து கல்லீரல் உயிரணுவின் ஏற்பியில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே ஜாக் நொதிகள் விழித்துக்கொண்டு ஸ்டாட்-3 புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. இரண்டிரண்டாகச் சேர்ந்த ஸ்டாட்-3 உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.வில் அமர்கிறது. இன்டர்லூக்கின்-1 என்ற இன்னொரு சைட்டோகைனும் துணைக்கு வந்துவிட்டால் சீரம் அமிலாய்டு-ஏ என்னும் புரதத்துக்கான மரபணுவின் வெளிப்பாடு பாய்ந்து ஏறுகிறது. இரத்தத்தில் அந்தப் புரதம் ஆயிரம் மடங்கு வரை கூடுவதுண்டு. அதே கல்லீரலில், அதே வேளையில், இரத்தத்தில் வழக்கமாக நிறைந்திருக்கும் ஆல்புமின் புரதத்தின் மரபணு வெளிப்பாடு இறங்குகிறது.

ஆயிரம் மடங்கு ஏறுவதைக் 'கட்டுப்பாடு' என்றால் படிப்பவர் மனத்தில் கடிவாளம்தான் தோன்றும். 'தூண்டல்' என்றால் ஆல்புமின் இறங்கிய கதை விடுபட்டுப் போகும். 'ஒழுங்குபடுத்தல்' குலைந்து கிடந்ததைச் சீர்செய்வது போல ஒலிக்கிறது. இங்கே எதுவும் குலைந்து கிடக்கவில்லை.

'நெறியாள்கை' என்ற சொல்லை முன்வைக்கிறேன். நாடகத்துறையில் ஏற்கெனவே வழங்கும் சொல். யார் மேடைக்கு வரவேண்டும், யார் ஒதுங்க வேண்டும் என்ற இரண்டும் அதில் அடங்கும். வினையாகவும் வளையும்: "இன்டர்லூக்கின்-6 கல்லீரல் மரபணுக்களை நெறியாள்கிறது." நெறியாள் புரதம், நெறியாள் வரிசை என்று கிளைச்சொற்களும் முட்டாமல் பிறக்கின்றன. ஒரு கலைச்சொல்லுக்கு இந்தக் கிளைக்கும் குணம்தான் முதல் தகுதி என்பேன்.

"மேல்நோக்கிய ஒழுங்குபடுத்தல்" (upregulation) போன்ற தொடர்களை அடியோடு விட்டுவிடலாம். உயர்த்துகிறது, தாழ்த்துகிறது என்ற நம் வினைகளே போதும்.

'கட்டுப்படுத்தல்' வேண்டாத சொல் அன்று. ஸ்டாட்-3 உயர்த்தும் மரபணுக்களில் சாக்ஸ்-3-உம் ஒன்று. அதன் புரதம் திரும்பிவந்து ஜாக் நொதிகளையே தடுத்து, வந்த சமிக்ஞையை அடக்குகிறது. உண்மையான கட்டுப்பாடு அதுதான். அந்த இடத்துக்கென்றே அச்சொல்லைக் காத்து வைப்போம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். மொழிபெயர்ப்புகளில் சுண்டெலியையும் (mouse) எலியையும் (rat) கலந்து எழுதுகிறோம். சுண்டெலியில் சீரம் அமிலாய்டு-ஏ இப்படிப் பாய்கிறது என்றால், எலியில் முன்னே நிற்பது ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் என்னும் வேறொரு புரதம். மனிதரில் சி-எதிர்வினைப் புரதமும் பெருமளவு கூடுகிறது. சுண்டெலியில் அது அவ்வளவாக அசைவதில்லை. ஆகவே 'சுண்டெலி' என்று எழுத வேண்டிய இடத்தில் சோம்பல்பட்டு 'எலி' என்று எழுதினால் அது சொற்பிழையோடு நிற்காது, பொருட்பிழையாகவும் ஆகிவிடும்.

'நெறியாள்கை'யில் இடறும் இடம் ஏதும் தென்பட்டால் ஒரு முழு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள்.