போலீஸ் சாப்ளின் (போலீஸ்காரங்களுக்கான பாதிரியார்) மாதிரி நம்ம ஊர்ல யாராவது உண்டா?

கேள்வி: அமெரிக்காவுல மகன் இருக்கிற ஊர்ல ஒரு பாதிரியார், நாற்பது வருஷமா போலீஸ்காரங்களுக்கே ஊழியம். சாவுச் செய்தி சொல்ல அவர்தான் கூடப் போவாராம். மதுரையில அப்படி யாரும் உண்டா?

ஏட்டையா: பட்டாளத்துல மத போதகர்னு பதவியே உண்டு, ஜேசிஓ (இளநிலை அதிகாரி) ரேங்க். நான் முப்பது வருஷம் போலீஸ்ல இருந்தேன். எங்களுக்கு ஆயுத பூஜையோட சரி.

செல்லூர்க்காரி: பதவி இல்லைன்னா என்ன? எங்கப்பா சிஎஸ்ஐ சர்ச் ஐயர், அதாவது பாதிரியார். அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு, ராத்திரியெல்லாம் நின்ன பந்தோபஸ்துக்காரங்களுக்குக் கோரிப்பாளையத்துல தூக்குவாளியில சுக்குக்காப்பி கொண்டுபோய் ஊத்துவார். ஜெபம்னு வாயே திறக்க மாட்டார். "முதல்ல ஷூவைக் கழட்டுப்பா"ம்பார். நாங்க எத்தனையாவது படிக்கிறோம்னு மட்டும் அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கு அதுல இன்னும் கோபம்.

ஏட்டையா: கண்ணாடி போட்ட ஒல்லி ஐயரா? நானும் குடிச்சிருக்கேம்மா. கருப்பட்டி கொஞ்சம் தூக்கலா இருக்கும்.