எத்துப்பல் செட் போட்டால் மேடையில் வசனம் குழறுகிறது, என்ன செய்யலாம்?

மேடைப்பித்தன்:
வணக்கம். அடுத்த மாதம் எங்கள் குழு போடும் நாடகத்தில் எனக்கு வட்டிக்கடைக்காரர் வேடம். 60 வயது தாண்டிய ஆள், எத்துப்பல். டைரக்டர் சொன்னதால் அளவு கொடுத்து மேல்வரிசைக்கு ஒரு செட் செய்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் முகமே வேறு, அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். வாயைத் திறந்தால்தான் பிரச்சினை. முதல் காட்சியிலேயே "அப்பன் பட்ட கடனுக்கு மகன்தானே பொறுப்பு, மாசம் பொறந்தா வட்டி வாசலுக்கு வந்தாகணும்" என்று ஒரு வசனம். நேற்று ஒத்திகையில் "அப்பன்" என்பது "அஃபன்" மாதிரி வந்தது, "மாசம்" சொல்லும்போது விசில் சத்தம், எச்சில் வேறு ஊறிக்கொண்டே இருக்கிறது. எதிரே நின்றவருக்கு நான் சொன்னது புரியாமல் தன் வசனத்தையே விட்டுவிட்டார். சினிமா என்றால் டப்பிங்கில் சரிசெய்துவிடலாம். மேடையில் அதற்கு வழியில்லை. பல்லைக் கழற்றி வைத்துவிட்டு நடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லேப்காரன்:
பல் லேபில் வேலை செய்கிறேன், கழற்ற வேண்டாம். முதலில் அந்த செட்டைக் கையில் எடுத்து உட்பக்கத்தைப் பாருங்கள். எத்துப்பல் என்றால் உதட்டுப் பக்கம் மட்டும் முன்னால் வந்தால் போதும், நாக்கு படுகிற பக்கம் எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும். பலர் உடைந்துவிடும் என்ற பயத்தில் உள்ளேயும் அக்ரிலிக்கை ஏற்றிவிடுவார்கள். அங்கே அரை மில்லிமீட்டர் கூடினாலும் "ச" மாறும், ஏனென்றால் நாக்குக்கும் பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டுக்கும் நடுவே காற்று போகிற சந்து அவ்வளவு சின்னது. அப்புறம் அண்ணத்தை மூடும் தகடு இருக்கிறதா? உங்கள் சொந்தப் பல் எல்லாம் இருக்கும்போது அது தேவையே இல்லை, சொந்தப் பல்லின் மேலேயே கவ்விக்கொண்டு நிற்கும்படி செய்யலாம். தகடு இருந்தால் ட, ண, ள கூட மழுங்கும். பல்லின் நீளத்தையும் பாருங்கள். "வ" சொல்லும்போது மேல்பல்லின் விளிம்பு கீழுதட்டில் ஈரமும் வறட்சியும் சேரும் கோட்டில் லேசாகத் தொட வேண்டும். உதட்டை அழுத்திக் கடித்தால் நீளம் அதிகம். எங்கே தேய்க்கலாம் என்று செய்தவரிடமே காட்டுங்கள், நீங்களாக அரத்தை எடுத்துவிடாதீர்கள்.

தமிழாசிரியை:
நீங்கள் கொடுத்த வசனத்தை ஒருமுறை எழுத்து எழுத்தாகப் பாருங்கள், ப, ம, வ, ந, த, ச எல்லாம் வரிசையாக நிற்கின்றன. தொல்காப்பியப் பிறப்பியல் ஒலி பிறக்க உதவும் உறுப்புகளில் பல்லையும் இதழையும் சேர்த்தே சொல்கிறது. ப, ம இரண்டும் இதழ் இயைந்து பிறப்பவை, வ பல்லும் இதழும் சேர்ந்து பிறப்பது, த, ந இரண்டும் பல்லின் அடியில் நாநுனி பரந்து ஒற்றப் பிறப்பவை. எத்துப்பல் நடுவில் வந்து உதடுகளைச் சேரவிடாமல் தடுப்பதால்தான் உங்கள் "ப" காற்றாகக் கசிகிறது. ழ, ற, ட போன்றவற்றுக்கு நாக்கு முன்பல்லுக்கே போவதில்லை, அவை பிழைத்துக்கொள்ளும். அதனால் வசனம் முழுவதையும் பயிற்சி செய்து களைத்துப்போக வேண்டாம், இடறுகிற சொற்களில் மட்டும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். "அப்பன்" சொல்லும்போது மேலுதட்டை வேண்டுமென்றே கீழே இழுத்து மூடிப் பாருங்கள். எத்துப்பல் உள்ளவர்கள் பலர் தாமாகவே அப்படித்தான் செய்கிறார்கள், பாத்திரத்துக்கும் அது பொருந்தும்.

படம்பார்ப்பவன்:
2018இல் வந்த பொஹீமியன் ராப்சடி படத்தில் குயீன் இசைக்குழுப் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியாக நடித்த ரமி மாலெக்கும் பல்செட் போட்டுத்தான் நடித்தார். மெர்க்குரிக்கு வாயில் 4 பல் கூடுதலாக இருந்ததால் முன்பற்கள் தள்ளிக்கொண்டிருந்தன. மாலெக் படப்பிடிப்புக்கு ரொம்ப முன்னாலேயே பல்லை வாங்கிப் போட்டுப் பழகியிருக்கிறார். மெர்க்குரி அடிக்கடி உதட்டால் பல்லை மூடுவாரே, பல் வாய்க்குள் இருந்ததால் அந்தப் பழக்கம் இவருக்கும் வந்துவிட்டது. காட்ஃபாதரில் மார்லன் பிராண்டோ முதலில் கன்னத்தில் பஞ்சை அடக்கிப் பார்த்து, படப்பிடிப்புக்குப் பல் மருத்துவர் செய்த கருவியைப் போட்டார், அந்தக் குழைந்த பேச்சுதான் இன்றுவரை எல்லோருக்கும் ஞாபகம். ஆனால் அவர் முன்னால் மைக் இருந்தது. உங்களுக்குக் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும்.

பழைய ராஜபார்ட்:
தம்பி, எனக்கு மேல்வரிசை முழுக்க பல்செட்தான், வேடத்துக்காக அல்ல, பல் போய்விட்டது. அதற்கப்புறமும் மேடை ஏறினேன், அதனால் சொல்கிறேன். முதல் சில நாள் எச்சில் ஊறத்தான் செய்யும், வாய் அதைச் சாப்பாடு என்று நினைக்கிறது. போட்டுக்கொண்டே இருந்தால் தானாக அடங்கும். ஒத்திகைக்கு மட்டும் போட்டுக் கழற்றினால் ஒவ்வொரு நாளும் முதல் நாள்தான். காலையில் போட்டுக்கொண்டு பேப்பரைச் சத்தமாகப் படியுங்கள், கடைக்குப் போய் அதோடேயே பேசுங்கள், கடைக்காரர் "என்ன?" என்று திருப்பிக் கேட்கிற சொல் எது என்று கவனியுங்கள். இன்னொன்று, உங்கள் காதை நம்பாதீர்கள். பல்லில் எழும் சத்தம் எலும்பு வழியாக மண்டைக்குள் பெரிதாகக் கேட்கும், வெளியே பாதிகூட இருக்காது. போனில் பதிவு செய்து கேளுங்கள். விசில் மட்டும் உண்மையாகவே வெளியே வரும், மேடை மைக் அதை இன்னும் பெரிதாக்கும், அதை லேபில்தான் சரிசெய்ய வேண்டும். வேகத்தைக் குறைத்து, "வட்டி" என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துங்கள். வட்டிக்காரன் அவசரப்படவே மாட்டான் தம்பி, கடன் வாங்கினவன்தான் அவசரப்படுவான்.

மேடைப்பித்தன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஐயா சொன்னபடி பதிவு செய்து கேட்டேன், நான் பயந்த "வட்டி வாசலுக்கு" தெளிவாகவே இருக்கிறது, "அப்பன்", "மாசம்" இரண்டும்தான் சரியில்லை. செட்டில் அண்ணத் தகடும் இருக்கிறது, உட்பக்கம் தடிப்பாகவும் இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டுபோய்க் காட்டுகிறேன். இந்தப் பதிலையே பல்லோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லித்தான் டைப் செய்தேன்.