புதுப்பிப்பு: தண்ணி விட்டா பேட்டரி இறங்குற மர்மம்

பொள்ளாச்சி பக்கம் மாமா தோப்புல, தென்னைக்குத் தண்ணி விட்டதும் ஆர்டுயினோ ஊனோ (சென்சார்களைப் படிக்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு) காட்டுற பேட்டரி வோல்டேஜ் இறங்குது, மீட்டர்ல 12.6 அசையாம நிக்குதுன்னு கேட்டிருந்தேனுங்க. போர்டுல வோல்டேஜை எண்ணா மாத்துற பகுதிதான் ஏடிசி; அந்த எண் 825 வரணும், 780 கிட்ட வந்துச்சு. விசயம் பிடிபட்டுருச்சு.

ஏடிசிக்குள்ள 14 பிகோஃபாரட்ல ஒரு குட்டிக் கெபாசிட்டர் (சார்ஜைத் தேக்கி வைக்கிறது) இருக்கு, எல்லா பின்னுக்கும் (வயர் சொருகுற இடம்) அது ஒண்ணுதான். படிக்கிற பின்ல இருக்கிற வோல்டேஜுக்கு அது முதல்ல சார்ஜ் ஆகணும். அப்புறந்தான் பெரிய பிட்டுல தொடங்கி 10 பிட்டையும் ஒவ்வொண்ணா ஒப்பிட்டு எண் வரும். சார்ஜ் ஆகக் கிடைக்கிறது வெறும் 12 மைக்ரோசெகண்ட். பேட்டரி வோல்டேஜை 5 வோல்ட்டுக்குள்ள பிரிச்சுக் கொடுக்க, பேட்டரிய உறிஞ்சக் கூடாதுன்னு பெருசா 1 மெகா ஓம், 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கு. பின்னுக்கு அது 320 கிலோ ஓம் மாதிரி; சிப்போட டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தர்ற விவரத்தாள்) சொல்றதோ 10 கிலோ ஓம் இல்லாட்டி அதுக்கும் கீழ. அதனால அந்த நேரத்துல முழுசா சார்ஜ் ஆகாம, அதுக்கு முன்னாடி ஏடிசி படிச்ச மண் ஈர சென்சாரோட வோல்டேஜ் கெபாசிட்டர்ல கொஞ்சம் மிச்சம் நின்னுக்குது. ஈரமானா அந்த சென்சார் வோல்டேஜ் குறையும், பேட்டரி எண்ணையும் கூடவே இழுத்துரும்.

பேட்டரி பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் வச்சதும், அதுல இருக்கிற சார்ஜே குட்டிக் கெபாசிட்டரை உடனே நிரப்பிருது, 825 கிட்டயே நிக்குது. பல தடவை படிச்சு சராசரி எடுத்தா சரியாகும்னு சொன்னவங்களுக்கு: ஒரே பக்கமா இழுக்கிற பிழை சராசரியில போகாதுங்க.

மோட்டார் ஓடுறப்ப ஏடிசி அளவுகோலா வச்சுக்கிற 5 வோல்ட் ரெஃபரன்ஸே ஆடுறது தனிக்கதை, அதை இன்னும் பார்க்கல.