புதுப்பிப்பு: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் மொரீஷியஸ் எரிமலை இடங்கள், ஒரே நாளில்

தனி வண்டி, வழிகாட்டியுடன் தென்மேற்குப் பகுதியை ஒரே நாளில் பார்க்க முடியுமா, எந்த வரிசையில் போகலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம்.

"மேட்டு நிலத்தை முதலில் முடியுங்கள், மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடும்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. காலை எட்டு மணிக்கே கியூர்பிப்பில் உள்ள த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாய்க்குப் போனோம். விளிம்பு வரை வண்டி போகிறது. சுமார் 300 மீட்டர் அகலப் பள்ளம், உள்ளே முழுக்க மரங்கள். அம்மா நாலு அடி நடந்தாலே போதுமாக இருந்தது. அப்புறம் இந்துக்களின் புனித ஏரியான கங்கா தலாவ். அந்த ஏரியும் ஒரு பழைய எரிமலை வாய்தான் என்று வழிகாட்டி சொன்னதும் அம்மா நீரைத் தொட்டுக் கும்பிட்டார்.

பிளாக் ரிவர் பள்ளத்தாக்குக் காட்சிமுனையில் மட்டும் ஏமாற்றம். பதினொரு மணிக்கே பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை.

சமரெலில் சுமார் 100 மீட்டர் அருவியைப் பார்த்துவிட்டு ஏழு வண்ண மண்ணுக்குப் போனோம். எரிமலைப் பாறை சிதைந்து உருவான மண் அது. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளால் இந்த நிறங்கள். வெயில் பட்டதும் சிவப்பும் ஊதாவும் தனித்தனியாகத் தெரிந்தன. அங்கே ராட்சத ஆமைகள் இருப்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

ஒன்று கவனியுங்கள்: சமரெல் நுழைவுக் கட்டணம் எங்கள் வண்டித் தொகையில் சேரவில்லை. முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.