மாதிரியாக்கமா, வனைதலா? பிம் பாடத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்

வணக்கம் ஐயா,

பிம் (BIM, Building Information Modeling), அதாவது கட்டடத்தை அதன் உறுப்புகளின் தகவல்களோடு கணினியில் உருவாக்கும் முறைக்கு, ‘கட்டடத் தகவல் மாதிரியாக்கம்’ என்று நீங்கள் முன்வைத்ததைப் படித்தேன். நடுவில் உள்ள ‘தகவல்’ என்ற சொல் சரி. மற்ற இரண்டு சொற்களிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

குடிசார் பொறியியல் மாணவர் பாலத்தையும் சாலையையும்கூட பிம்மில் செய்யப்போகிறார். மென்பொருள்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் ஐஎஃப்சி வடிவமே, 2024 ஐஎஸ்ஓ பதிப்பில் பாலம், சாலை, ரயில்பாதை வரை விரிந்துவிட்டது. அதனால் ‘கட்டுமானம்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

பெரிய சிக்கல் ‘மாதிரி’ என்ற சொல்தான். ஆய்வகத்தில் 150 மி.மீ. அச்சில் காங்கிரீட்டை வார்த்து 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கிறோமே, அதற்குப் பெயர் ‘மாதிரி’. சோதனைக்குத் தோண்டி எடுக்கும் மண்ணும் மாதிரி. அட்டையில் ஒட்டிச் செய்யும் குட்டி வீடும் மாதிரி. அதே மாணவர் அடுத்த வகுப்பில் ‘மாதிரியாக்கம்’ என்று கேட்டால் எதை நினைப்பார்?

பிம் பாடத்தின் முதல் வாரத்தில் எல்லோரும் வரைவார்கள். கணினியில் கோடுகளாக வரையும் கேட் (CAD) மென்பொருளின் பழக்கம்: சுவருக்கு இரண்டு கோடு, கதவுக்கு ஒரு வில். “முப்பரிமாணத்தில் வரைவதுதானே சார் பிம்?” என்று கேட்பார்கள். சுவரை நகர்த்தச் சொல்வேன். கதவும் கூடவே நகரும். அப்புறம் சுவரை அழிக்கச் சொல்வேன். கதவும் போய்விடும், கதவுப் பட்டியலில் எண்ணிக்கை ஒன்று குறையும். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. 1975-இல் பிம்மின் முன்னோடி சார்லஸ் ஈஸ்ட்மன் எழுதியதும் இதைத்தான்: மாற்றத்தை ஒருமுறை செய்தால் போதும், எல்லா வரைபடங்களும் அதன்படி திருந்த வேண்டும். அவர் தன் முறைமைக்கு வைத்த பெயரில் ‘விவரிப்பு’ இருந்தது, வரைதல் இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: கணினியில் உருவாகும் பொருளுக்குத் ‘தகவலுரு’, அதை உருவாக்கும் செயலுக்கு ‘வனைதல்’. சேர்த்துச் சொன்னால், கட்டுமானத் தகவலுரு வனைதல். முதலில் ‘தகவலுருவாக்கம்’ என்றுதான் எழுதிவைத்தேன். தகவல் உருவாக்கம் என்று பிரித்துப் படித்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன். பாராமீட்டருக்கு ‘அளபுரு’ ஏற்கெனவே புழங்குவதால் ‘உரு’ மாணவர் காதுக்குப் புதிதில்லை.

வனைதல் குயவர் சொல்லாயிற்றே என்று கேட்கலாம். எனக்கு அது பிடித்திருப்பதே அதனால்தான். சக்கரத்தில் சுழலும் மண்ணை ஓரிடத்தில் விரலால் அழுத்தினால் பானையின் உருவம் முழுக்க மாறும். கரும்பலகையில் வரைதல், வனைதல் என்று அடுத்தடுத்து எழுதினால் ஓர் எழுத்துதான் வேறு. முதல் வாரப் பாடம் முழுவதையும் அதை வைத்தே தொடங்கிவிடலாம். பேச்சில் பிம் என்றே இருக்கட்டும், அதில் தவறில்லை.

துணைச் சொற்களில், உத்திரத்துக்குள் குழாய் புகுந்து நிற்பதற்கு ‘மோதல்’ போதும். எல்ஓடி (LOD, Level of Development) 100 முதல் 500 வரையிலான படிகளை ‘விவர நிலை’ என்பது பொருந்தவில்லை. ஓர் உறுப்பின் தகவலை எந்த அளவுக்கு நம்பி வேலை செய்யலாம் என்பதை அந்தப் படிகள் சொல்கின்றன. ‘முதிர்நிலை’ என்று வைக்கலாம்.

ஒன்றில் மட்டும் திணறுகிறேன். கட்டமைப்பு, குழாய், மின்சாரம் என்று தனித்தனியே வனைந்து, மோதல் பார்ப்பதற்காக ஒன்றாக வைக்கிறோமே, அதற்கு என்ன பெயர்? ‘கூட்டுரு’ என்றால் எல்லாம் கரைந்து ஒன்றாகிவிட்டது போல ஒலிக்கிறது. உண்மையில் ஒவ்வொன்றும் அதனதன் பொறியாளர் பொறுப்பில் தனியாகவே இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?